ரஷ்யப் பயணிகள் பார்த்த போலந்து: 19ஆம் நூற்றாண்டுக் குறிப்புகளை எப்படி வாசிப்பது?

ரஷ்ய இலக்கியத்தைத் தமிழில் வாசித்து வளர்ந்தவர்களுக்கு ஒரு சந்தேகம் வந்திருக்கும். குடிகாரனுக்கும் கொலைகாரனுக்கும்கூட மனமிரங்கும் அந்த எழுத்தாளர்கள், கதைக்குள் ஒரு போலந்துக்காரர் நுழைந்ததும் சட்டென்று இறுகிவிடுகிறார்கள். தஸ்தயேவ்ஸ்கியின் 'கரமசோவ் சகோதரர்கள்' நாவலில் வரும் இரண்டு போலந்துக்காரர்கள் வீறாப்புப் பேசிக்கொண்டே சீட்டாட்டத்தில் ஏமாற்றுகிறார்கள். கோகோலின் 'தாராஸ் புல்பா'வில் போலந்துச் சீமான்கள் படாடோபமும் கொடூரமும் கொண்டவர்கள். 2022இல் உக்ரைன் மீது முழுப் போர் தொடங்கிய பிறகு ரஷ்யா-போலந்து பகை செய்திகளில் தொடர்ந்து அடிபடுவதால், இந்தக் கசப்பின் வேர் எங்கே என்று கேட்பவர்களும் கூடியிருக்கிறார்கள்.

விடையின் ஒரு பகுதி போர்களிலும் உடன்படிக்கைகளிலும் இருக்கிறது. இன்னொரு பகுதி, அவ்வளவாகக் கவனிக்கப்படாத ஓரிடத்தில் இருக்கிறது: 19ஆம் நூற்றாண்டில் போலந்து மண்ணைக் கடந்துபோன ரஷ்யர்கள் எழுதிவைத்த நாட்குறிப்புகள், கடிதங்கள், அறிக்கைகள். நாவல்களில் வரும் போலந்துக்காரர் உருவாவதற்கு முன்பே அவருடைய முகச்சாயல் இவற்றில் வந்துவிட்டது. ஆனால் இவற்றைப் போலந்தைப் பற்றிய நேரடிச் சாட்சியமாக எடுத்துக்கொண்டால் வழி தவறிவிடுவோம். ஒரே கிராமமும் ஒரே சத்திரமும் 1818இல் ஒரு பொருள் தந்தன, 1863இல் வேறு பொருள் தந்தன. எழுதியவர் எந்த ஆண்டில், எந்தச் சாலையில், யார் செலவில் போனார் என்பது தெரியாமல் அவர் கண்டதை எடைபோட முடியாது.

## முதலில் வரைபடம்: எந்தப் போலந்து?

1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் நடந்த மூன்று பிரிவினைகளில் போலந்து-லிதுவேனிய அரசு உலக வரைபடத்திலிருந்து மறைந்தது. ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா ஆகியவை அதைப் பங்கிட்டுக்கொண்டன. 1807இல் நெப்போலியன் அந்தத் துண்டுகளிலிருந்து வார்சா சிற்றரசு ஒன்றை அமைத்தார். அவர் வீழ்ந்தபின் 1815 வியன்னா மாநாடு எல்லைகளை மறுபடி வரைந்தது. அதன்பின் ஒரு ரஷ்யர் 'போலந்து' என்று எழுதினால் அது நான்கில் ஒன்றாக இருக்கலாம்.

1. போலந்து முடியரசு. தலைநகர் வார்சா. ரஷ்ய ஜாரே இதற்கும் அரசர். தொடக்கத்தில் இதற்குச் சொந்த அரசமைப்பு, நாடாளுமன்றம், படை, நாணயம் எல்லாம் இருந்தன. நெப்போலியன் காலத்துச் சிவில் சட்டமும் தொடர்ந்தது.
2. மேற்கு மாகாணங்கள். வில்னா, க்ரோத்னோ, மின்ஸ்க், வோலின், பொடோலியா, கீவ். இவை நேரடியாக ரஷ்யப் பேரரசின் பகுதிகள். நிலவுடைமையாளர்கள் பெரும்பாலும் போலந்துப் பண்பாட்டைச் சேர்ந்த கத்தோலிக்கர்கள், குடியானவர்கள் உக்ரைனியர், பெலாரூசியர், லிதுவேனியர், சிறுநகரங்களில் யூதர்கள்.
3. கலீசியா. லிவீவ் நகரை மையமாகக் கொண்ட ஆஸ்திரியப் பகுதி. கிராக்கோவ் 1846 வரை தனி நகர அரசாக இருந்து, பிறகு ஆஸ்திரியாவோடு சேர்க்கப்பட்டது.
4. போஸ்னான் உள்ளிட்ட பிரஷ்யப் பகுதி.

இவற்றில் சிக்கலின் முடிச்சு இரண்டாவதுதான். போலந்துக்காரர்களுக்கு அது இழந்த நாட்டின் பாதி. ரஷ்யர்களுக்கு அது பழைய கீவ ரஷ்யாவின் மண். அந்த மாகாணங்களைப் போலந்து முடியரசோடு சேர்க்க ஜார் முதலாம் அலெக்சாந்தர் எண்ணியபோது, வரலாற்றாசிரியர் கரம்சின் 1819இல் அவரிடமே நேரடியாக எதிர்த்து எழுதிக் கொடுத்தார். ஆகவே வில்னா சாலையில் போகும் ஒருவர் 'போலந்துக்குள் வந்துவிட்டோம்' என்று எழுதுகிறாரா, 'மேற்கு நாடு' என்று எழுதுகிறாரா என்பதே ஓர் அரசியல் நிலைப்பாடு. நூற்றாண்டின் தொடக்கத்தில் ராணுவ அதிகாரிகள் போலந்து என்ற பெயரைத் தயக்கமின்றிப் பயன்படுத்தினார்கள். 1863க்குப் பிறகு அந்தப் பழக்கம் மறைந்துபோனது.

## போனவர்கள் யார்?

போலந்தைப் பார்க்கவென்றே போன ரஷ்யர்கள் மிகக் குறைவு. போர்க்களத்துக்குப் போன அதிகாரி, வேலைமாற்றலில் போன அரசு ஊழியர், ரஷ்யம், போலிஷ், செக் போன்ற ஸ்லாவிய மொழிகளைத் தேடிப்போன அறிஞர், பாரிஸுக்கோ ஜெர்மானியக் குளியல் நகரங்களுக்கோ போகும் வழியில் கடந்துபோனவர் என்றுதான் பெரும்பாலும் இருந்தார்கள். டால்ஸ்டாய் 1857இல் மாஸ்கோவிலிருந்து அஞ்சல் வண்டியில் வார்சா வந்து, அங்கே ரயில் ஏறி பாரிஸ் போனார். இப்படிப் போகிறவருக்குப் போலந்து என்பது வண்டி மாறும் இடம்.

முதல் பெரிய அலை படையோடு வந்தது. 1813 தொடக்கத்தில் நெப்போலியனைத் துரத்திக்கொண்டு ரஷ்யப் படை வார்சா சிற்றரசுக்குள் நுழைந்தது. அந்தப் படையில் எழுதத் தெரிந்த இளம் அதிகாரிகள் பலர் இருந்தார்கள். ஃபியோதர் கிளிங்காவின் 'ரஷ்ய அதிகாரியின் கடிதங்கள்' அக்காலத்தில் பரவலாக வாசிக்கப்பட்டது. இன்னொரு அதிகாரியான லஜேச்னிகவும் தன் படைநடைக் குறிப்புகளை வெளியிட்டார். இந்த வகை எழுத்தில் வறண்ட வயல், கூரை சரிந்த குடிசை, அழுக்கான சத்திரம் என்று ஒரு போலந்து உருவானது. அங்கிருந்து பிரஷ்யாவின் சிலேசியாவுக்குள் போனதும் ஒழுங்கான வீடுகளும் தோட்டங்களும் தென்பட, போலந்தின் சோர்வு இன்னும் எடுப்பாகத் தெரிந்தது.

அவர்கள் கண்ணால் கண்டதை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் 1812இல் ஐரோப்பாவின் மிகப் பெரிய படை இந்த நிலத்தின் வழியாகத்தான் மாஸ்கோவுக்குப் போனது. தானியம், குதிரை, தீவனம் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போன அந்தப் படையின் மிச்சம் அதே வழியில் திரும்பியது. அதன் பின்னால் ரஷ்யப் படை வந்தது. போரில் சூறையாடப்பட்ட ஒரு நாட்டின் நிலையை அந்த நாட்டின் இயல்பு என்று எழுதிவிட்டார்கள். அடுத்த ஐம்பது ஆண்டுகளுக்கு அந்தச் சித்திரம் ஒரு நூலிலிருந்து இன்னொரு நூலுக்குக் கைமாறிக்கொண்டே இருந்தது.

## 1815–1830: பொறாமையும் நம்பிக்கையும்

அடுத்த பதினைந்து ஆண்டுகளில் பார்வை தலைகீழானது. காரணம் எளிது: ரஷ்யாவில் இல்லாதது வார்சாவில் இருந்தது.

1818 மார்ச்சில் முதலாம் அலெக்சாந்தர் வார்சாவில் நாடாளுமன்றத்தைத் தொடங்கிவைத்து பிரெஞ்சில் பேசினார். போலந்துக்குத் தந்த சுதந்திர அமைப்புகளை ஒருநாள் தன் ஆட்சிக்குட்பட்ட மற்ற நிலங்களுக்கும் விரிக்க எண்ணுவதாக அந்தப் பேச்சில் கோடிகாட்டினார். அதை ரஷ்ய மொழியில் பெயர்த்தவர் கவிஞர் பியோத்தர் வியாசெம்ஸ்கி. அப்போது அவர் வார்சாவில் ஜாரின் பிரதிநிதி நோவசீல்த்செவின் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். ரஷ்யாவுக்கென்று ரகசியமாகத் தயாரான ஓர் அரசமைப்பு வரைவிலும் அவருடைய கை இருந்தது.

அந்தப் பேச்சு ரஷ்யர்களிடையே இரண்டு விதமாக இறங்கியது. தோற்றவர்களுக்கு அரசமைப்பு, வென்ற நமக்குப் பண்ணையடிமை முறையா என்று சீமான்கள் புண்பட்டார்கள். இங்கே சாத்தியமானது ரஷ்யாவிலும் சாத்தியமாகுமே என்று இளைஞர்கள் கிளர்ந்தார்கள். வியாசெம்ஸ்கி இரண்டாம் வகை. போலந்து மொழியைக் கற்றார், போலந்துக் கவிதைகளைப் பெயர்த்தார், நாடாளுமன்ற விவாதங்களைக் கேட்டார், நண்பர்களுக்கு வெளிப்படையாகக் கடிதம் எழுதினார். 1821இல் விடுப்பில் பீட்டர்ஸ்பர்க் வந்திருந்த அவரை வார்சாவுக்குத் திரும்பக் கூடாது என்று தடுத்துவிட்டார்கள். அவர் எழுதிய கடிதங்கள் வழியில் பிரிக்கப்பட்டு வாசிக்கப்பட்டிருந்தன.

இந்தப் பதினைந்து ஆண்டுகளில் ரஷ்யப் பயணி கண்ட போலந்தை வெறும் பொருள்களைக் கொண்டே விளங்கிக்கொள்ளலாம். பிரெஸ்ட் அருகே எல்லையைக் கடந்தால் சுங்கச் சாவடி இருக்கும். ஆள்பவர் ஒருவரே ஆனாலும் பெட்டியைத் திறந்து காட்ட வேண்டும். கையிலுள்ள ரூபிளை ஸ்லோட்டியாக மாற்ற வேண்டும். ரஷ்ய நாள்காட்டியும் அங்குள்ள நாள்காட்டியும் 12 நாள் வேறுபட்டதால் கடிதங்களில் இரண்டு தேதிகள் போட வேண்டும். அங்கிருந்து வார்சா வரை கல் பாவிய நெடுஞ்சாலை 1820களின் தொடக்கத்திலேயே தயாராகிவிட்டது. பீட்டர்ஸ்பர்க்கையும் மாஸ்கோவையும் இணைக்கும் நெடுஞ்சாலை முடிந்ததோ 1833இல்தான். தன் பேரரசின் இரண்டு தலைநகரங்களுக்கு நடுவே இல்லாத சாலை வார்சாவுக்குப் போகும் வழியில் இருப்பதைக் கண்ட பயணிக்கு வியப்பும் உறுத்தலும் சேர்ந்தே வந்திருக்கும்.

## 1831: பார்வை மூடிக்கொள்கிறது

1830 நவம்பர் 29 இரவு வார்சாவில் கிளர்ச்சி வெடித்தது. அடுத்த செப்டம்பரில் ரஷ்யத் தளபதி பஸ்கேவிச் தலைமையிலான படை நகரைப் பிடித்தது. அரசமைப்பு ரத்தானது. நாடாளுமன்றமும் தனிப்படையும் கலைக்கப்பட்டன. பல்கலைக்கழகம் மூடப்பட்டு அதன் நூல்கள் பீட்டர்ஸ்பர்க்குக்குக் கொண்டுபோகப்பட்டன. நகரத்தின் வடபுறம் வீடுகளை இடித்துவிட்டு ஒரு கோட்டை எழுந்தது. அதன் பீரங்கிகள் வார்சாவை நோக்கி இருந்தன. இன்னொரு கிளர்ச்சி வந்தால் அந்தக் கோட்டையிலிருந்தே நகரைத் தரைமட்டமாக்குவேன் என்று 1835இல் ஜார் முதலாம் நிக்கலாய் வார்சா பிரமுகர்களிடம் நேரிலேயே சொன்னார்.

புஷ்கின் இந்த வெற்றியைப் பாடினார். போலந்துக்குள் காலே வைக்காத அவருக்கு அது ஸ்லாவியர்களின் குடும்பச் சண்டை, மேற்கு நாடுகள் தலையிட வேண்டியதில்லை. வார்சாவில் வாழ்ந்திருந்த வியாசெம்ஸ்கி அந்தக் கவிதைகளைப் படித்து வெட்கப்பட்டார். பேரரசின் பரப்பைச் சொல்லிப் பெருமையடிப்பது தனக்குச் சலித்துவிட்டதென்றும், நம் நாட்டில் ஒரு சிந்தனைக்கும் அடுத்த சிந்தனைக்கும் இடையே ஐயாயிரம் வெர்ஸ்ட் (ஒரு வெர்ஸ்ட் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர்) தூரம் என்றும் தன் குறிப்பேட்டில் எழுதினார். இருவரும் நெருங்கிய நண்பர்கள், ஒரே வர்க்கம், ஒரே கல்வி. ஒருவர் மூன்று ஆண்டுகள் போலந்துக்காரர்களோடு உண்டு பேசிப் பழகியவர். இந்தக் காலத்து எழுத்துகளில் என்னை அதிகம் தொடுவது அந்தக் குறிப்பேட்டுப் பக்கம்தான். ஆனால் அச்சில் வந்தது புஷ்கினின் குரல். வியாசெம்ஸ்கியுடையது குறிப்பேட்டுக்குள்ளேயே கிடந்தது. அன்றைய ரஷ்ய வாசகருக்குப் போலந்து எப்படிக் காட்டப்பட்டது என்பதைத் தணிக்கையும் சேர்ந்தே தீர்மானித்தது.

1830களில் இன்னொரு வகைப் பயணி வந்தார்: ஸ்லாவிய அறிஞர். மாஸ்கோ வரலாற்றாசிரியர் மிகயீல் பகோதின் 1835இலும் 1839இலும் ஸ்லாவிய நாடுகளைச் சுற்றினார். அவருடைய நாட்குறிப்பு 1844இல் அச்சானது. ஸ்லாவியர் அனைவரும் ரஷ்யாவின் நிழலில் ஒன்றுசேர வேண்டும் என்பது அவர் கனவு. அந்தக் கனவுக்குள் பொருந்தாத ஒரே ஸ்லாவியர் போலந்துக்காரர்தான். அடக்குவதைவிடப் போலந்து மொழியையும் இலக்கியத்தையும் மதித்து அவர்களை நெருங்குவது நல்லது என்று அவர் கருதினார். அரசியல் விடுதலை அவர் கணக்கில் இல்லை. அன்பும் மேலாதிக்கமும் ஒரே மனிதரிடம் இப்படிச் சேர்ந்திருந்ததைப் புரிந்துகொள்ளாவிட்டால், பின்னாளில் ஸ்லாவிய ஒற்றுமை பேசிய இதே கூட்டத்தின் அன்பு ஏன் அவ்வளவு வேகமாகக் கோபமாக மாறியது என்பது புரியாது.

## திரும்பத் திரும்ப வரும் நான்கு உருவங்கள்

நூற்றாண்டு முழுவதும் எழுதப்பட்டவற்றில் நான்கு உருவங்கள் மாறாமல் வருகின்றன. அவற்றுக்குத் தரப்பட்ட பொருள்தான் மாறியது.

1. ஷ்லாஹ்தா எனப்பட்ட சிறுபெரும் பிரபுக்கள். பழைய போலந்தில் மக்கள்தொகையில் ஏறத்தாழ பத்தில் ஒருவர் பிரபு. நிலமில்லாத ஏழைப் பிரபுக்களும் ஏராளம். ரஷ்யாவில் அந்தப் பங்கு மிகச் சிறியது. கிழிந்த கோட்டோடு தலைநிமிர்ந்து நடக்கும் ஒருவரை ரஷ்யப் பயணியால் எந்த வகையிலும் அடக்க முடியவில்லை. 'வெற்றுப் பெருமை' என்று எழுதினார். தலைமுறை தலைமுறையாக அரசரையே வாக்களித்துத் தேர்ந்தெடுத்த ஒரு சமூகத்தின் நினைவு அந்த நடையில் இருந்தது என்பதைப் பலர் காணவில்லை.

2. ஒடுங்கிய குடியானவர். சீமானைக் கண்டதும் தொப்பியைக் கழற்றிக் குனியும் போலந்துக் குடியானவரைப் பற்றி ரஷ்யர்கள் இரக்கத்தோடு எழுதினார்கள். போலந்து முடியரசில் குடியானவருக்கு 1807 முதலே தனிமனித விடுதலை இருந்தது, நிலம் இல்லை. ரஷ்யாவிலோ 1861 வரை பண்ணையடிமை முறை சட்டமாகவே இருந்தது. எழுதியவர்களில் பலர் ஊரில் அடிமைகளை வைத்திருந்தவர்கள். தன் ஊரில் எழுத முடியாததை, எழுதத் துணியாததை, அயலூரில் எழுதினார்கள் என்றுதான் நான் இதை வாசிக்கிறேன்.

3. யூதச் சத்திரக்காரர். ரஷ்யாவின் உள்மாகாணங்களில் யூதர்கள் குடியிருக்கச் சட்டம் இடம் தரவில்லை. ஆகவே யூத மக்களைப் பெருந்திரளாக ரஷ்யப் பயணி முதன்முதலில் கண்டது இந்த மேற்குச் சாலைகளில்தான். தங்க இடமும் குதிரையும் செய்தியும் தந்தவர் அவர். பயணக் குறிப்புகளோ அவரை அருவருப்போடு வரைந்தன. இந்தப் பக்கங்களை இன்று வாசிக்கும்போது மனம் கசக்கிறது. பின்னால் வந்த யூத வெறுப்புக்கான சொற்கிடங்கில் ஒரு பகுதி இங்கேதான் சேர்ந்தது.

4. போலந்துப் பெண். முதலில் நடன அரங்கின் அழகி. 1861 பிப்ரவரியில் வார்சா ஊர்வலத்தில் ஐந்துபேர் சுட்டுக் கொல்லப்பட்டபின் போலந்துப் பெண்கள் தேசிய துக்கமாகக் கறுப்பு உடுத்தத் தொடங்கினார்கள். நகையும் கறுப்பு. வில்னாவில் ஆளுநர் முராவியோவ் கறுப்புடைக்கு அபராதம் விதித்தார். அதன்பின் ரஷ்ய எழுத்தில் அதே பெண் கத்தோலிக்கப் பாதிரியாரின் சொல்கேட்டு மகனைக் கிளர்ச்சிக்கு அனுப்பும் சதிகாரியாகிறாள்.

## ரயில் வந்தபின்

வார்சாவிலிருந்து ஆஸ்திரிய எல்லைக்குப் போகும் ரயில்பாதை 1848இல் முடிந்தது. பீட்டர்ஸ்பர்க்–வார்சா பாதை 1862இல் முழுமையானது. முதலாவது 1435 மில்லிமீட்டர் ஐரோப்பிய அகலம், இரண்டாவது 1524 மில்லிமீட்டர் ரஷ்ய அகலம். பீட்டர்ஸ்பர்க் நிலையம் விஸ்துலா ஆற்றின் வலக்கரையில், வியன்னா நிலையம் இடக்கரையில். நிரந்தர இரும்புப் பாலம் 1864இல்தான் திறந்தது. ஐரோப்பாவுக்குப் போகிற ரஷ்யர் வார்சாவில் இறங்கி, நகரைக் குறுக்கே கடந்து, வேறு தண்டவாளத்தில் ஏற வேண்டியிருந்தது. அந்தச் சில மணி நேரமே பலருக்குப் போலந்தைப் பற்றிய மொத்த அறிவு.

விதிவிலக்கு எழுத்தாளர் நிக்கலாய் லெஸ்கோவ். 1862 செப்டம்பரில் பீட்டர்ஸ்பர்க்கிலிருந்து பாரிஸுக்குப் புறப்பட்ட அவர் நேர்வழியை விட்டார். வில்னா, க்ரோத்னோ, பின்ஸ்க், வோலின் ஊர்கள் வழியாகச் சுற்றி, எல்லை கடந்து லிவீவ், கிராக்கோவ், பிராக் என்று போனார். 'செவெர்னயா ப்ச்சேலா' இதழில் இந்தப் பயணத்தைத் தொடராக எழுதினார். அவர் போனது கிளிங்கா, பகோதின் போன்றோர் போன அதே நிலம்தான். வழியில் வண்டிக்காரர்களிடமும் சிறுநகர மக்களிடமும் அவர் பேசினார், லிவீவில் போலந்துக்காரருக்கும் உக்ரைனியருக்கும் இடையிலான பிணக்கைக் காது கொடுத்துக் கேட்டார். கிளர்ச்சிக்குச் சில மாதங்களுக்கு முந்தைய அந்த நிலத்தைப் பற்றி ரஷ்ய மொழியில் கிடைக்கும் மிகப் பயனுள்ள பக்கங்களில் அவை அடங்கும்.

## 1863: பயணக் குறிப்பு சட்டமாகிறது

1863 ஜனவரி 22 அன்று இரண்டாம் கிளர்ச்சி தொடங்கியது. கிளர்ச்சி அரசு வெளியிட்ட முதல் நாள் ஆணையே, குடியானவர் உழும் நிலம் அவருக்கே சொந்தம் என்றது. ரஷ்ய அரசுக்கு இது பெரிய நெருக்கடி. கிராமங்கள் கிளர்ச்சியின் பக்கம் போய்விட்டால் ராணுவத்தால் மட்டும் அடக்க முடியாது.

அந்த இலையுதிர் காலத்தில் நிக்கலாய் மில்யூதின், யூரி சமாரின், விளாதிமிர் செர்காஸ்கி ஆகிய மூவரும் படைக்காவலோடு போலந்துக் கிராமங்களைச் சுற்றினார்கள். ரஷ்யாவில் 1861 பண்ணையடிமை ஒழிப்பை வடிவமைத்தவர்கள் இவர்கள். குடியானவர்களைக் கூட்டி எவ்வளவு நிலம், என்ன குத்தகை, எத்தனை நாள் ஊதியமில்லா உழைப்பு என்று கேட்டார்கள். அவர்கள் கொண்டுவந்த முடிவு பழைய பயணக் குறிப்புகளின் சித்திரத்தோடு ஒத்துப்போனது: போலந்தில் இரண்டு மக்கள் இருக்கிறார்கள், கத்தோலிக்கத் திருச்சபையும் சீமான்களும் ஒரு பக்கம், ஸ்லாவியக் குடியானவர் மறுபக்கம், இரண்டாமவரை ஜார் மீட்டால் கிளர்ச்சியின் வேர் அறுந்துவிடும்.

1864 மார்ச் 2 ஆணை அதைச் சட்டமாக்கியது. அதன் விளைவுகள்:

1. குடியானவர் தம் கையிலிருந்த நிலத்துக்கு உரிமையாளர் ஆனார். ரஷ்யக் குடியானவருக்கு விதிக்கப்பட்ட 49 ஆண்டு மீட்புத் தவணை இங்கே இல்லை. சீமான்களுக்கு அரசே கடன் பத்திரங்களாக இழப்பீடு தந்தது.
2. சீமானின் காட்டில் விறகும் மேய்ச்சலும் எடுக்கும் பழைய உரிமைகள் தீர்க்கப்படாமல் விடப்பட்டன. கிராமத்துக்கும் மாளிகைக்கும் இடையே வழக்கு ஓயாமல் இருக்க இது உதவியது.
3. கிராமக் குழு நிர்வாகம் சீமானின் கையிலிருந்து குடியானவர் கைக்கு மாறியது. மேற்பார்வை ரஷ்ய அதிகாரிகளிடம் இருந்தது.

நிலச் சீர்திருத்தம் என்ற அளவில் இது ரஷ்யக் குடியானவருக்குக் கிடைத்ததைவிட மேலானது. அதை மறுக்கக் கூடாது. அதே ஆண்டுகளில்தான் பள்ளிகளும் அலுவலகங்களும் ரஷ்ய மொழிக்கு மாற்றப்பட்டன. 1869இல் வார்சாவில் ரஷ்ய மொழிப் பல்கலைக்கழகம் வந்தது. அரசுக் காகிதங்களில் 'போலந்து முடியரசு' என்பதற்குப் பதில் 'விஸ்துலாப் பகுதி' என்ற பெயர் இடம்பிடித்தது.

## தொழிற்சாலை புகை

நூற்றாண்டின் கடைசியில் கேள்வியே வேறானது. 1897 கணக்கெடுப்பில் வார்சாவில் 6,84,000 பேர். பேரரசில் பீட்டர்ஸ்பர்க், மாஸ்கோவுக்கு அடுத்த நகரம். சிற்றூராக இருந்த லோட்ஸ் துணி ஆலைகளால் 3,14,000 மக்களைக் கொண்டதாக வளர்ந்திருந்தது. லோட்ஸ் துணி மாஸ்கோத் துணியைச் சந்தையில் முந்துகிறது என்று மாஸ்கோ முதலாளிகள் முறையிட, தொழிற்சாலை ஆய்வாளர் இவான் யான்ஷூல் 1886இல் அங்கே அனுப்பப்பட்டார். அவர் எரிபொருள் விலையையும் கூலியையும் வேலைநேரத்தையும் தொழிலாளரின் எழுத்தறிவையும் ஒப்பிட்டார். மாஸ்கோவில் இரவுபகலாக ஓடிய ஆலைகளைவிட, குறைந்த நேரம் ஓடிய போலந்து ஆலைகளில் தொழிலாளரின் திறன் மேம்பட்டிருந்தது. சோம்பலும் வெற்றுப் பெருமையும் என்று எழுதப்பட்ட நாட்டைப் பற்றி, அரசு செலவில் போன ஒரு ரஷ்யரே கொண்டுவந்த கணக்கு இது.

குடியானவர் ஜாரின் பக்கம் நிற்பார் என்ற 1863இன் முடிவு இன்னும் நாற்பது ஆண்டு நீடித்தது. 1905இல் போலந்துப் பள்ளிகளில் மாணவர்கள் ரஷ்ய மொழிக் கல்வியைப் புறக்கணித்தார்கள். அதே காலத்தில், மில்யூதின் குழு உருவாக்கிய கிராமக் குழுக்கள் நூற்றுக்கணக்கில் கூடி, தங்கள் அலுவலகங்களிலும் பள்ளிகளிலும் போலந்து மொழியே வேண்டும் என்று தீர்மானம் போட்டன. கையெழுத்திட்டவர்கள் 1864இல் நிலம் பெற்ற குடியானவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும்.